ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம்

அத்தியாயம் ஆறு

அந்த வண்ண மீன் கடை முதலாளியைப் பிடிக்காமல் போக, 'டிக்கெட்' என்று எல்லோரும் கூப்பிடுகிறவனுக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. வந்தவர்களுக்கு மடக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு, தான் மட்டும் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிறவர்களை அவனுக்கு எப்போதுமே ஆகாது. இந்த மனிதர் பாதி வாக்கியத்தை எதிரே இருப்பவரிடம் சொன்னார், மீதியைச் சுற்றிக்கொண்டே போய்ச் சுவரிடம் சொன்னார்.

"மூவாயிரத்து எழுநூத்து அறுபது கிலோமீட்டர்!" என்றார் முதலாளி, ஏதோ தானே டேப் பிடித்து அளந்துவிட்டு வந்தவர் மாதிரி. "ஆசியாவோட அந்த மூலையில ஒரு ஊரு, இந்த மூலையில நம்ம ஊரு. நடுவுல ஃப்ளைட் நேரம் அஞ்சு மணி பன்னிரண்டு நிமிஷம். நெட்ல யார் வேணா பாத்துக்கலாம். அதோ முக்காலியில இருக்கற அந்தம்மாவும் அதைப் பாத்துட்டு அஞ்சு மணி நேரத்துக்கு மட்டும் பையில காத்து அடைச்சு மீனைக் கட்டிட்டாங்க. மீன் வந்து சேர ஆனது பதினாலு மணி நேரம். மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. இதுல துப்பறிய என்ன இருக்குங்கறேன்?"

'துப்பறிய' என்பதை அவர் இழுத்த இழுப்பில் டிக்கெட்டுக்குச் சுருக்கென்றது. உண்மையில் துப்பறிவது அவன் இல்லை, பக்கத்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவனுடைய அண்ணி. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு விஷயம் நெருடினால் அண்ணிக்குத்தான் போன் வரும். டிக்கெட் அவளுக்குக் கொழுந்தன், உதவியாள், டிரைவர், பை தூக்கி எல்லாம். பதினோரு வருஷம் டிராவல்ஸ் ஆபீஸில் விமான டிக்கெட் போட்டவன் என்பதால் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஒரு புதுமணத் தம்பதிக்கு நாற்பதே நிமிட இடைவெளியில் அடுத்த விமானத்தைப் போட்டுக் கொடுத்து, அவர்கள் தேனிலவின் முதல் இரண்டு நாட்களை விமான நிலைய பெஞ்சில் கழித்தபோது வேலை போனது. வாய் மட்டும் போகவில்லை.

விஷயம் இதுதான். நெற்றி புடைத்த சிவப்பு மீன் ஒன்று. பரிசு வாங்கிய ஜாதி. கிழக்கே இருக்கிற ஊரிலிருந்து நேற்று விமானத்தில் வந்தது. முதலாளி பெட்டியை உள்ளே எடுத்துப்போய்த் திறந்தால் மீன் செத்துக் கிடந்ததாம்; கூட வந்தவருக்குக்கூட அதன் போட்டோவைத்தான் காட்டியிருந்தார். இன்சூரன்ஸ் உண்டு. யாருடைய தவறு என்று காகிதத்தில் வந்துவிட்டால் முதலாளிக்குச் சேர வேண்டியது சேர்ந்துவிடும். அந்தக் காகிதம் மேஜை மேல் தயாராக இருந்தது. 'என் கவனக்குறைவே காரணம்' என்று ஒரு வரி, கீழே ஒரு கோடு. மாலை நாலு மணிக்குள் அந்தக் கோட்டின் மேல் கையெழுத்து விழ வேண்டும்.

கையெழுத்துப் போட வேண்டியவர் தொட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மீன் கட்டுகிற பேக்கிங் அம்மா. வயது ஐம்பதுக்கு மேல். இருபத்திரண்டு வருஷமாகப் பைகளில் மீனையும் ஆக்ஸிஜனையும் அடைத்து ரப்பர் பேண்டு போட்டுப் போட்டு, வலது கட்டைவிரல் தடித்துப் போயிருந்தது. ஆயிரக்கணக்கான மீன்களை விமானத்தில் ஏற்றி அனுப்பியவர், தானே விமானம் ஏறியது நேற்றுத்தான் முதல் தடவை. விலை உயர்ந்த மீன், கூடப் போய் ஒப்படைத்துவிட்டு வா என்று அவருடைய கம்பெனி அனுப்பி வைத்திருந்தது. கையெழுத்துப் போட்டால் பேக்கிங் லைசென்ஸ் ரத்து. அப்புறம் எந்த ஊரிலும் அவரை ஒரு குஞ்சு மீனைக்கூடக் கட்ட விடமாட்டார்கள்.

"நான் கட்டின மீன் இதுவரைக்கும் வழியில செத்ததில்லைங்க" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால்.

டிக்கெட்டால் பொறுக்க முடியவில்லை.

"சார், அந்த அஞ்சு பன்னிரண்டு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? நெட்ல கணக்குப் போடறவன் உலக உருண்டையில ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு நூலை இழுத்துப் பிடிப்பான். மூவாயிரத்து எழுநூத்து அறுபது. மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர்னு வெச்சு அதை வகுத்தா நாலு மணி நாப்பத்திரண்டு நிமிஷம். ஏறி இறங்கன்னு ஒரு அரை மணி சேப்பான். முடிஞ்சுது கதை. அந்தக் கணக்குல பைலட்டும் கிடையாது, விமானமும் கிடையாது, காத்தும் கிடையாது. அப்படி ஒரு ஃப்ளைட்டே இல்லாத ரெண்டு ஊரைக் கேட்டாக்கூட அது நேரம் சொல்லும். நேத்து உங்க மீன் வந்த ஃப்ளைட்டுக்கு எதிர்க்காத்து. இங்க வந்து இறங்க எடமில்லாம வானத்துல ரெண்டு வட்டம் வேற. மொத்தம் ஆறு மணி இருபது நிமிஷம். நான் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"ஆறோ அஞ்சோ, உங்க கொழுந்தனுக்கு நல்ல படிப்பு" என்று முதலாளி அண்ணியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அரைச் சுற்றுச் சுற்றினார்.

"மீனுக்கு ஃப்ளைட் நேரம்னு ஒண்ணு கிடையாதுங்க" என்றார் பேக்கிங் அம்மா. குரல் தாழ்வாக இருந்தாலும் தொழில் பேச்சு வந்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. "பை வாயை நான் கட்டின நேரத்துலேருந்து இந்தப் பக்கம் ஒருத்தர் அவுக்கற நேரம் வரைக்கும் அதுக்குப் பயணம்தான். லாரி, குடோன், ஸ்கேன், கஸ்டம்ஸ் எல்லாம் அதுல சேத்தி. அதனால நான் சீட்டைப் பாத்துக் காத்து அடைக்கறதில்லை. அரை நாள் பயணம்னாலும் ஒரு முழு நாளைக்கு அடைப்பேன்."

"அப்படியா? அப்ப இது என்னவாம்?" முதலாளி ஒரு பேக்கிங் சீட்டைத் தூக்கிக் காட்டினார். பயண நேரம் என்ற கட்டத்தில் 5.12 என்று டைப் அடித்திருந்தது. "கையெழுத்து உங்களுதுதானே?"

"அது ஆபீஸ்ல இருக்கற பையன் நிரப்பினதுங்க. நான் கீழ கையெழுத்து மட்டும்…"

"ஆக, கையெழுத்து உங்களுது."

பேக்கிங் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இதுவரை வாயே திறக்காமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணி, அதை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"சார், உங்க பேனாவைக் கொஞ்சம் குடுங்களேன்."

அண்ணியின் கைப்பையில் எப்போதும் நாலு பேனா இருக்கும். ஆனால் யார்மேல் சந்தேகமோ அவருடைய பேனாவைத்தான் கடன் கேட்பாள். டிக்கெட் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நீங்க சொன்னதை ஒரு தாள்ல எழுதிக்கறேன், தப்பா இருந்தா சொல்லுங்க. அங்க விடியக்காலை நாலு மணிக்குக் கட்டினது. இங்க உங்க கடைக்கு வந்தப்ப அந்த ஊர்க் கணக்குல சாயந்திரம் ஆறு. நம்ம கடிகாரம் ரெண்டரை மணி பின்னாடி, அதனால இங்க மூணரை. மொத்தப் பயணம் பதினாலு மணி நேரம். வழியில யாரும் பையை அவுக்கலை. சரிதானே?"

"சத்தியமா சரி. பதினாலு மணி நேரம்! ஒரு நிமிஷம் குறையாது."

"யாரும் அவுக்கலை, எதுவும் போடலை?"

"சீல் போட்ட பெட்டிங்க. யார் அவுப்பா?"

"அப்ப கீழ ஒரு கையெழுத்து."

முதலாளி பூப்போட்ட கையெழுத்து ஒன்றை வளைத்து வளைத்துப் போட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அண்ணி தாளை மடித்து வைத்துக்கொண்டாள், பேனாவைத் திருப்பித் தரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பேக்கிங் அம்மாவின் போன் அடித்தது. பழைய போன். எதிர்முனையில் மெதுவாகப் பேசினாலும் தெருவுக்கே கேட்கும்.

"என்னம்மா, இன்னும் போடலையா?" அவருடைய கம்பெனி எஜமானர். "ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையா? கம்பெனி பேரு கெட்டுடக் கூடாதும்மா. லைசென்ஸ் போனா போகட்டும், வேற ஆள் பேர்ல எடுத்துக்கலாம், உங்களுக்கு இங்க குடோன்ல கூட்டிப் பெருக்கற வேலை போட்டுத் தரேன். நான் பாத்துக்கறேன்மா, நீங்க போட்டுட்டு வாங்க."

"சரிங்க" என்று சொல்லிப் போனை மடியில் வைத்துக்கொண்டார் அந்த அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் உழைத்தவரைக் கை கழுவிவிட அந்த ஆளுக்கு அரை நிமிடம் ஆகவில்லை.

"மீனைப் பாக்கலாமா?" என்றாள் அண்ணி.

"யோவ்!" என்று முதலாளி பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடையில் இருக்கிற முப்பது தொட்டிக்கும் தீனி போடுகிறவர். சட்டைப் பையில் ஒரு கத்தரிக்கோல் துருத்திக்கொண்டிருந்தது.

பெட்டிக்குள் பை, பைக்குள் மீன். பேக்கிங் அம்மா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"இது என் மீன் இல்லைங்க."

"ஆரம்பிச்சாச்சு" என்றார் முதலாளி.

"என் மீன் இன்னும் நல்ல சிவப்புங்க."

"செத்தா வெளுக்கத்தான் செய்யும்."

"இந்தக் கட்டும் என் கட்டு இல்லைங்க."

"போட்டோ எடுத்தப்புறம் அவுத்துப் பாத்தோம், மறுபடி கட்டினோம். வேற?"

மனிதரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதுதான் டிக்கெட்டுக்கு உறுத்தியது. நேர்மையானவனுக்கு இரண்டு கேள்விக்காவது முழி பிதுங்கும்.

பேக்கிங் அம்மா பையின் அடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கலங்கிய தண்ணீரில் பழுப்பாக இழை இழையாய் ஏதோ படிந்திருந்தது. "இவ்வளவு அழுக்கா? மூணு நாள் பட்டினி போட்டுட்டுத்தாங்க பயணத்துக்குக் கட்டுவோம். வயித்துல எதாவது இருந்தா பைக்குள்ளேயே கழிஞ்சு தண்ணி கெட்டுரும். வெறும் வயிறா வந்த மீன் எப்படிங்க இவ்வளவு கழியும்?"

டிக்கெட் துள்ளி எழுந்தான். "அண்ணி! இந்த மீனுக்கு மட்டும் ஃப்ளைட்ல சாப்பாடு போட்டிருக்கான்!"

"கொஞ்சம் சும்மா இரு."

"அந்தக் கம்பெனி ஃப்ளைட்டைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஜன்னல் சீட்டுக்காரனுக்கே தண்ணிக்கு மூணு தடவை மணி அடிக்கணும். கீழ சரக்கோட சரக்கா வந்த மீனுக்கு எவன் தட்டு நீட்டினான்? அண்ணே, அந்தக் கத்தரிக்கோலை எடுங்க. வயித்தைக் கீறிப் பாத்துடுவோம்."

அண்ணி கண்ணைக் காட்டினாள். டிக்கெட் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். ஒரு தடவையாவது அண்ணிக்கு முன்னால் தான் கண்டுபிடித்ததாக இருக்கட்டும் என்ற ஆசை அவனுக்கு ரொம்ப நாளாகவே உண்டு. தீனிக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தோளைக் குலுக்கினார். கத்தரிக்கோல் இறங்கியது.

உள்ளேயிருந்து மூன்று துண்டு இறால் வந்தது. ஓடு கரையவில்லை, நிறம் மாறவில்லை. அப்போதுதான் தின்ற மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா!" என்று டிக்கெட் தொடையில் தட்டினான்.

முதலாளியின் நாற்காலி நின்றது. இரண்டு விநாடி அவர் அந்த இறாலையே பார்த்தார். அப்புறம் மெல்ல, வாய் நிறையச் சிரித்தார்.

"தம்பி, உங்களுக்கு ரொம்ப நன்றி. நான் மூச்சு முட்டிச் செத்துச்சுன்னுதான் நினைச்சேன். இப்பத்தானே புரியுது? இந்தம்மா பட்டினியே போடலை! இறாலை ஊட்டி, வயித்தை ரொப்பி, அப்படியே கட்டி அனுப்பிட்டாங்க. மூணு நாள் பட்டினி போடணும்னு அவங்க வாயாலேயே சொல்லியாச்சு. இதுக்கு மேல கவனக்குறைவுக்கு என்ன சாட்சி வேணும்? மேடம், இதையும் எழுதிக்குங்க."

டிக்கெட் தொடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். பேக்கிங் அம்மா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. முக்காலியில் சரிந்து உட்கார்ந்து, "நான் போடலைங்க, சத்தியமா ஒண்ணும் போடலைங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மணி மூன்று இருபது. அரை மணி நேரம் முன்பு அந்த அம்மாவுக்கு எதிராக ஒரு சீட்டுத்தான் இருந்தது. இப்போது இவன் புண்ணியத்தில் மீனே சாட்சி சொல்கிறது.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று அண்ணி அவன் காதோரம் சொன்னாள். ஆனால் கோபம் குரலில் இல்லை. அவள் தீனிக்காரர் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அண்ணே, இந்த மாதிரி மீனுக்கு ஒரு இறால் போட்டா வயித்துல எவ்வளவு நேரம் இப்படி முழுசா இருக்கும்?"

தீனிக்காரர் பூட்ஸைத் தரையில் தேய்த்தார். "தொட்டி சூட்டைப் பொறுத்ததுங்க. இந்த ஜாதிக்கு நல்லாச் செரிக்கும். காலையில போட்டா சாயந்திரம் இப்படி ஓடும் நிறமுமா இருக்காது. குழைஞ்சுடும்."

"பதினாலு மணி நேரம் ஆனா?"

"பதினாலா? கூழுதாங்க."

அண்ணி மடித்த தாளைப் பிரித்தாள். "சார், மொத்தப் பயணம் பதினாலு மணி நேரம், ஒரு நிமிஷம் குறையாதுன்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. அங்க கட்டறதுக்கு முன்னாடி தின்ன இறால் இங்க இப்படி வந்து சேராதே?"

முதலாளியின் நாற்காலி இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது.

"அது… பயணம்னா என்னங்க? ஃப்ளைட் நேரம்தானே பயண நேரம்? உலகமே அப்படித்தானே சொல்லுது? அஞ்சு மணி பன்னிரண்டு நிமிஷம்! நெட்லேயே போட்டிருக்கான். அஞ்சு மணி நேரத்துல இறால் அப்படியேதான் இருக்கும்."

"ஆகா" என்றான் டிக்கெட், அடக்க முடியாமல். "மணி மூணு ஆகறதுக்குள்ள பதினாலா இருந்தது, மூணரை ஆகறதுக்குள்ள அஞ்சாயிடுச்சு. இவ்வளவு வேகமா எந்த ஃப்ளைட்டும் பறந்ததில்லை சார்."

"இருப்பா. அவர் சொல்றபடியே வெச்சுக்கலாம்" என்றாள் அண்ணி. அவள் குரல் பால் விற்கிறவர் குரல் மாதிரி அத்தனை சாதாரணமாக இருந்தது. "அஞ்சு மணி நேரப் பயணம். அம்மா அஞ்சு மணி நேரத்துக்குக் காத்து அடைச்சாங்கன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப காத்து போதும், மூச்சு முட்டலை. பதினாலு மணி நேரப் பயணம்னா காத்து போதலைன்னு சொல்லலாம், ஆனா இறால் இருக்கக் கூடாது. உங்களுக்கு ரெண்டுல எது வேணும்? எது வேணும்னாலும் எழுதிக்கறேன். ரெண்டையும் ஒரே தாள்ல எழுத முடியாது சார்."

"இந்த ஆள் பேச்சை வெச்சா முடிவு பண்றீங்க?" முதலாளி தீனிக்காரரைக் காட்டிக் கத்தினார். "வாளியைத் தூக்கிக்கிட்டுத் திரியறவன்! மீன் வயித்துல என்ன நடக்குதுன்னு இவனுக்கு என்ன தெரியும்? காலேஜுக்குப் போனானா?"

தீனிக்காரர் குனிந்து, அந்த மூன்று இறால் துண்டுகளையும் உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"காலேஜுக்குப் போகலைங்க" என்றார். "ஆனா இறாலைத் தலையைக் கிள்ளிட்டு இப்படிச் சாய்வா மூணாக் கத்தரிக்கறது நான். நீளமாப் போட்டா தொண்டையில மாட்டும்னு பதினேழு வருஷமா இப்படித்தான் போடறேன். இது நான் போட்டது."

"யோவ், உள்ள போ!"

"எந்த மீனுக்கு அண்ணே போட்டீங்க?" அண்ணி கேட்டாள்.

"ஒம்பதாம் தொட்டியில ஒரு சிவப்பு மீன் இருந்துச்சுங்க. கிட்டத்தட்ட இதே சைஸ். அதுக்கு மட்டும் மூணு நாள் எதுவும் போடாதேன்னு சொன்னாரு. ரெண்டு நாள் போடலை. மூணாம் நாள் நான் போனதும் கண்ணாடிகிட்ட ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. மனசு கேக்கலைங்க. நேத்து மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரே ஒரு இறாலைப் போட்டேன். அவர்கிட்ட சொல்லலை. சாயந்திரம் வந்து பாத்தா தொட்டி காலி. வித்துட்டேன்னாரு."

டிக்கெட்டுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. முதலாளி முட்டாள் இல்லை. தன் மீனைச் சாகடித்து, விமானத்தில் வந்த மீன் என்று காட்டி இன்சூரன்ஸ் பணம் வாங்கப் பார்த்திருக்கிறார். பட்டினி போட வேண்டும் என்ற தொழில் ரகசியம் வரை யோசித்துத்தான் செய்திருக்கிறார். அவர் யோசிக்காதது ஒன்றே ஒன்று. பதினேழு வருஷம் தீனி போட்ட கை, பசிக்கிற வாயைப் பார்த்தால் சும்மா இருக்காது.

"சார்" என்றாள் அண்ணி, "பட்டினி போடறது பயணம் போற மீனை மட்டும்தான்னு அம்மா இப்பத்தான் சொன்னாங்க. உங்க ஒம்பதாம் தொட்டி மீன் எங்க பயணம் போக இருந்தது?"

முதலாளி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். டிக்கெட் எழுந்துபோய் ஒன்பது என்று எழுதியிருந்த காலித் தொட்டியிலிருந்து ஐஸ் பெட்டி இருந்த மேஜை வரை பாதத்துக்குப் பாதம் ஒட்டவைத்து நடந்தான்.

"எட்டடி" என்றான். "தூரம் எட்டடி. பயண நேரம் ஒரு நிமிஷம். ஏறி இறங்க வேணும்னா அரை மணி சேத்துக்கலாம், கம்ப்யூட்டர் கணக்குப்படி."

முதலாளியின் நெற்றியில் வேர்வை மினுங்கியது. பேயறைந்தவர் மாதிரி சுழல் நாற்காலியை விட்டு எழுந்தார், மடக்கு நாற்காலி ஒன்றை இழுத்து அண்ணிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். "மேடம், பெரிய மனசு பண்ணுங்க. தெரியாம நடந்துபோச்சு. நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம். அந்தம்மாவுக்கும் வேணும்னா…"

"என் மீன் எங்க?" என்றார் பேக்கிங் அம்மா.

முக்காலியிலிருந்து அவர் எழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாளாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவர் முதலாளிக்கு முன்னால் நேராக நின்றுகொண்டிருந்தார்.

"அதான் பேசிக்கலாம்னு…"

"பேசறதெல்லாம் அப்புறம் பேசுங்க. என் மீன் உயிரோட இருக்கா இல்லையா?"

தீனிக்காரர்தான் கையை மேலே காட்டினார். "மாடி ரூமை நேத்துலேருந்து கூட்ட வேண்டாம்னு சொல்லிட்டாருங்க. ஆனா உள்ள பம்பு ஓடற சத்தம் கேக்குது."

மாடி அறையில் ஒரு மேஜை, நாலு பழைய அட்டைப் பெட்டி, மூலையில் பெரிய துண்டு போர்த்திய கண்ணாடித் தொட்டி. பேக்கிங் அம்மா துண்டின் ஒரு முனையைத் தூக்கினார். உள்ளே ஒரு சிவப்பு. கீழே ஐஸ் பெட்டியில் கிடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பேச யாருக்கும் வாய் வராது. இவ்வளவு பேர் எட்டிப் பார்ப்பது பிடிக்காமல் அது நெற்றியால் கண்ணாடியை ஒரு முட்டு முட்டியது.

அந்த அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "சனியனே, இருக்கியா நீ" என்று மீனைத் திட்டிக்கொண்டே புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். டிக்கெட்டுக்கும் கண்ணில் என்னவோ செய்தது. அதை மறைக்க, தொட்டியின் சூடு சரியாக இருக்கிறதா என்று தனக்குச் சுத்தமாகத் தெரியாத ஒன்றைச் சோதிக்கக் குனிந்தான். அண்ணி வாசலில் நின்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, சாவுக்கான காரணம் எழுத வேண்டிய அவசியம் இல்லை, சாகவேயில்லை, ஆனால் போலீசுக்கு எழுத வேண்டியது நிறைய இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாளி படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டார். ஏறவும் மனமில்லை, இறங்கவும் வழியில்லை, கீழே தீனிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

செய்தி விமானத்தைவிட வேகமாகத்தான் போயிருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் பேக்கிங் அம்மாவின் போன் அடித்தது.

"அம்மா!" எஜமானரின் குரலில் தேன் சொட்டியது. "கேள்விப்பட்டேன்மா. உங்க கை தப்புப் பண்ணாதுன்னு எனக்கு அப்பவே தெரியும். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நாளைக்குக் காலையில முப்பது பெட்டி ஏத்தணும்மா, விடியறதுக்குள்ள இங்க இருந்தாகணும். இன்னிக்குக் கிளம்பற முதல் ஃப்ளைட்டுக்கு டிக்கெட் போடச் சொல்லிட்டேன்."

"என் லைசென்ஸ் ரத்தாகலையே?"

"சேச்சே! அது உங்க பேர்லதான் இருக்கு, எங்கம்மா போகும்?"

"நம்ம கம்பெனியில லைசென்ஸ் இருக்கறது எத்தனை பேருக்கு?"

பதிலில் தேன் கொஞ்சம் குறைந்திருந்தது. "உங்க ஒருத்தருக்குத்தான்மா. அது தெரிஞ்ச விஷயம்தானே. எதுக்குக் கேக்கறீங்க?"

"இல்லைங்க, இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவையும் கேக்கத் தோணலை. இப்பத்தான் கேக்கறேன்." அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "அந்த முப்பது பெட்டியை நீங்களே கட்டிக்குங்க. நான் வேற எடம் பாத்துக்கறேன்."

"அம்மா, அம்மா, கொஞ்சம் கேளுங்க, முப்பது பெட்டிம்மா…"

அவர் போனை அணைத்து மேஜை மேல் கவிழ்த்து வைத்தார். தொட்டி மேலிருந்த துண்டை முழுதாக உருவி மடித்தார், முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சூடு பார்த்தார். போன் மறுபடி அடித்தது. அதற்குப் பிறகும் அடித்தது.

"எடுக்கலையா அக்கா?" என்றான் டிக்கெட்.

"கை ஈரமா இருக்கு தம்பி" என்றார் அவர்.